பதற்றத்துக்கு மூக்குச் சொட்டு: ஆய்வுக்கூடம் சொல்வதும் சொல்லாததும்



உடல்நலப் பகுதிக்கு வரும் கேள்விகளில் சர்க்கரை, கொலஸ்ட்ரால், முதுகுவலி ஆகியவைதான் வழக்கமாக முதலிடம் பிடிக்கும். சமீப காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது. "பெப்டைடு என்று ஒரு மருந்து இருக்கிறதாமே, மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் மனப் பதற்றம் போய்விடுமாமே, தூக்கம் வராதாம், பழக்கமும் ஆகாதாம், உண்மையா?" என்று கேட்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பர் சொன்னார், இணையத்தில் விற்கிறார்கள், துபாய்க்கே கூரியரில் அனுப்புகிறார்களாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

கேட்பவர்கள் பெயரை மட்டும் போட வேண்டாம் என்கிறார்கள். அதிலிருந்தே அவர்களின் சிரமம் நமக்குப் புரிகிறது. கடல் கடந்து வந்து, வேலை, விசா, ஊரில் வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், முடியாத வீட்டுக் கடன் என்று எல்லாவற்றையும் ஒரே தலையில் சுமக்கிறவர்களுக்குப் பதற்றம் வருவது அதிசயமில்லை. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் தீர்த்துக்கொள்ள ஒரு சொட்டு மருந்து கிடைக்காதா என்று தேடுவதும் இயல்புதான்.

எனவே இம்மாதம் அந்தப் பெப்டைடைப் பற்றியே படிப்போம். அதன் பெயர் செலாங்க். அது எங்கே பிறந்தது, எலிகளிடம் என்ன செய்தது, மனிதரிடம் எவ்வளவு சோதிக்கப்பட்டது, வளைகுடாவில் வாழும் நாம் அதை என்ன செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

பதற்றம் எப்போது நோயாகிறது?

பயம் நம்மைக் காக்கும் குணம். ஷேக் ஸாயத் சாலையில் பக்கத்து வண்டி திடீரென்று குறுக்கே வந்தால் இதயம் படபடக்க வேண்டும், கை கால் விறைக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் உடம்பு தானாகத் தணிந்துவிடும்.

ஆபத்து எதுவும் இல்லாதபோதும் அந்தப் படபடப்பு தணியாமல் இருந்தால்தான் சிக்கல். பெரும்பாலான நாட்களில், ஆறு மாதம் அல்லது அதற்கு மேலாக, கட்டுப்படுத்த முடியாத கவலை, தூக்கமின்மை, எரிச்சல், தசை இறுக்கம், கவனக் குறைவு ஆகியவை சேர்ந்து அன்றாட வேலையைக் கெடுத்தால் அதைப் பொதுப் பதற்ற நோய் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இது மனத்தின் பலவீனமும் அல்ல, கடவுள் நம்பிக்கை குறைந்ததும் அல்ல. மூளையில் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு வடிவப் பகுதி அபாய மணி அடிக்கிறது. முன்மூளை அந்த மணியை நிறுத்துகிறது. இரண்டுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை சரியாக நடக்காததே இந்த நோய்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் படபடப்பும் மனப் பதற்றம் ஆகாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை திடீரென்று இறங்கினாலும், நாளுக்கு ஆறு கரக் டீயும் இரண்டு எனர்ஜி டிரிங்கும் குடித்தாலும் இதே போல இருக்கும். நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை "டென்ஷன்" என்று ஒதுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இப்போதுள்ள மருந்துகளில் என்ன குறை?

ஆராய்ச்சியாளர்கள் ஏன் புதிய மருந்து தேடினார்கள் என்பதை அறிய, பழைய மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1960ல் லிப்ரியம், 1963ல் வேலியம் சந்தைக்கு வந்தன. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளரின் உழைப்பு அது. பென்ஸோடயஸெபைன் என்ற இந்தக் குடும்பத்தில்தான் நம் ஊர்க் கடைகளில் பலரும் பெயர் சொல்லிக் கேட்கும் அல்பிரஸோலம், குளோனஸெபாம், லோரஸெபாம் எல்லாம் வருகின்றன. மூளையில் காபா என்ற ரசாயனம் நரம்புச் செல்களை அமைதிப்படுத்துகிறது. இந்த மாத்திரைகள் காபாவின் வேலைக்குக் கைகொடுக்கின்றன. அரை மணி, ஒரு மணி நேரத்தில் நிம்மதி வந்துவிடும்.

அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. தூக்கக் கலக்கம் வரும், ஞாபகம் மங்கும், வண்டி ஓட்டுவது ஆபத்தாகும். சில வாரங்கள் தொடர்ந்தாலே உடம்பு பழகிவிடுகிறது. பிறகு திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரலாம்.

எஸ்கிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற இன்னொரு வகை மாத்திரைகள் போதைப் பழக்கம் ஏற்படுத்துவதில்லை. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். தொடக்கத்தில் குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகளும் இருக்கலாம்.

ஆகவே உடனே வேலை செய்ய வேண்டும், மயக்கமும் பழக்கமும் கூடாது என்ற ஆசையில்தான் ஆய்வுக்கூடங்கள் பெப்டைடு பக்கம் திரும்பின.

பெப்டைடு என்றால் என்ன?

பூக்காரம்மா பூ தொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று ஒவ்வொன்றாகக் கோர்த்தால் சரம். அது போல அமினோ அமிலம் என்ற சிறு மூலக்கூறுகளை வரிசையாகக் கோர்த்தால் பெப்டைடு. உடம்பு பயன்படுத்துவது சுமார் 20 வகைப் "பூக்கள்". எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேலை மாறும். மிக நீளமான சரத்தைப் புரதம் என்கிறோம்.

சில உதாரணங்கள் நமக்குப் பழக்கமானவை. பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசினில் 9 அமினோ அமிலங்கள். இன்சுலினில் 51. இப்போது சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் போடப்படும் செமாகுளுடைடு ஊசியும் 31 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். ஆகவே பெப்டைடு என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். "மாத்திரை" என்பது போல அது ஒரு பொதுப் பெயர். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு, இன்னும் தெரியாததும் உண்டு.

இயற்கையில் உள்ளதை ஆய்வுக்கூடத்தில் கோர்க்க முடியும் என்று 1953ல் ஆக்ஸிடோசினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார் வின்சென்ட் டூ விக்னோ. 1955ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1963ல் புரூஸ் மெரிஃபீல்ட், சிறு மணிகளின் மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாக ஒட்டிச் சரம் கட்டும் எளிய முறையைக் கொடுத்தார். அவருக்கு 1984ல் நோபல். இன்று எந்த வரிசையைக் கேட்டாலும் செய்து கொடுக்க முடிவது அந்த முறையால்தான். இணையத்தில் குப்பிகள் மலிந்து கிடப்பதற்கும் அதுவே காரணம்!

நான்கு மணியிலிருந்து ஏழு மணிக்கு

1970ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் விக்டர் நஜ்ஜார் என்பவரும் நிஷியோகா என்பவரும் ஒரு சிறு பெப்டைடைக் கண்டறிந்தார்கள். நஜ்ஜார் லெபனானில் பிறந்தவர். பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ஒரு மஞ்சள் காமாலை நோய்க்கே அவர் பெயர் உண்டு. கண்டறிந்த பெப்டைடுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரால் டஃப்ட்சின் என்று பெயர் வைத்தார்கள். த்ரியோனின், லைசின், புரோலின், ஆர்ஜினின் என்று நான்கே மணிகள். நம் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் இந்தத் துண்டு, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களைத் தூண்டிவிடுகிறது.

நோய் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த இந்தத் துண்டுக்கு மூளையிலும் வேலை இருக்குமா என்று பார்த்தவர்கள் மாஸ்கோ விஞ்ஞானிகள். ஒரே சிக்கல், டஃப்ட்சின் ரத்தத்தில் அதிக நேரம் தாங்காது. பெப்டைடை வெட்டும் நொதிகள் நறுக்கிவிடும். ரஷ்ய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தார் ஒரு வழி கண்டார்கள். சரத்தின் வாலில் புரோலின், கிளைசின், புரோலின் என்று மூன்று மணிகளைச் சேர்த்தார்கள். ஏழு மணிச் சரம் ஆனது. அதுதான் செலாங்க். ஸகூஸொவ் மருந்தியல் நிறுவனத்துடன் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். இதே வாலைக் கொண்ட செமாக்ஸ் என்ற இன்னொரு பெப்டைடும் அங்கே உருவானது.

அந்த வால் ஏன் சரத்தைக் காக்கிறது? புரோலின் மற்ற அமினோ அமிலங்களைப் போல நெகிழாது. தன்னுடைய முதுகெலும்போடு தானே வளையமாக மூடிக்கொண்ட மூலக்கூறு அது. அதனால் சரம் அந்த இடத்தில் இஷ்டப்படி மடங்காது. வெட்ட வரும் பல நொதிகளுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பெப்டைடு சரம் எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க முடியாது என்று உலகுக்கே வரைபடம் போட்டுக் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963ல் வெளியிட்ட அந்த வரைபடம் இன்றும் "ராமச்சந்திரன் வரைபடம்" என்ற பெயரில் எல்லா நாட்டு மாணவர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. அதற்கு முன்பே 1954ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை விளக்கினார்கள். கொலாஜனில் நிறைந்து கிடப்பவை கிளைசினும் புரோலினும்தான். செலாங்கின் வாலில் உள்ள மூன்று மணிகளும் அவையே. பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் புரதம் படிக்கும்போது இந்தச் செய்தியைச் சொல்லிக் கொடுங்கள்.

பெப்டைடை மாத்திரையாக விழுங்கினால் வயிறு அதைப் பருப்புப் புரதம் போலச் செரித்துவிடும். அதனால்தான் இன்சுலினை ஊசியாகப் போடுகிறோம். செலாங்கை 0.15 சதவீதச் சொட்டாக மூக்கில் விடும்படி தயாரித்தார்கள். மூக்கின் மேற்பகுதியில் வாசனை நரம்புகள் மூளைக்கு மிக அருகில் இருப்பதால், சிறிதளவு மருந்து அந்த வழியே உள்ளே செல்லும் என்பது இதற்கான காரணம்.

எலிக்குப் பதற்றம் என்று எப்படித் தெரியும்?

எலியிடம் "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்க முடியாது. எனவே விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கூட்டல் குறி வடிவில் நான்கு கைகள் கொண்ட ஒரு பாதை. அதைத் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் நிறுத்துவார்கள். இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்த வெளி. நடுவில் எலியை விட்டு ஐந்து நிமிடம் கவனிப்பார்கள்.

எலி இயல்பிலேயே திறந்த வெளியையும் உயரத்தையும் அஞ்சும், ஆனால் புதிய இடத்தை மோப்பம் பிடிக்கவும் ஆசைப்படும். பதற்றம் மிகுந்த எலி சுவருக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். பதற்றம் குறைந்தது திறந்த கைக்கு வந்து எட்டிப் பார்க்கும். திறந்த பகுதியில் எத்தனை வினாடி இருந்தது என்பதே கணக்கு. வேலியம் போன்ற மருந்து கொடுத்தால் இந்த நேரம் கூடுகிறது. ஆகவே புது மருந்தையும் இதே தராசில் நிறுக்கிறார்கள்.

எலி வெளியே வராமல் இருப்பதற்கு மயக்கமும் காரணமாகலாம் அல்லவா? அதனால் அது மொத்தம் எவ்வளவு நடந்தது என்பதையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

எலிகளிடம் கண்டது என்ன?

முதலாவது, எல்லா எலிகளும் ஒன்று போல இல்லை. ஆய்வுக்கூடச் சுண்டெலிகளில் ஒரு வம்சம் எளிதில் மிரளும், இன்னொரு வம்சம் துணிச்சலானது. மிரளும் வம்சத்தில்தான் செலாங்கின் பதற்றத் தணிப்பு நன்றாகத் தெரிந்தது. துணிச்சலானவற்றிடம் பெரிய மாற்றம் இல்லை. பதற்றமே இல்லாதவருக்குப் பதற்ற மருந்து எதற்கு என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, உடம்பே தயாரிக்கும் என்கெஃபலின் என்ற அமைதி தரும் பெப்டைடை நொதிகள் விரைவில் சிதைத்துவிடாமல் செலாங்க் தடுப்பதாகத் தெரிகிறது. பொதுப் பதற்ற நோயாளிகளின் ரத்தத்தில் இந்த என்கெஃபலின் சீக்கிரம் சிதைவதாகவும் அதே குழுவினர் 2001ல் எழுதினார்கள்.

மூன்றாவது, காபாவோடு தொடர்பு. 2016ல் வெளியான ஆய்வில் எலிகளின் முன்மூளையில் நரம்புச் செய்தி தொடர்பான 84 மரபணுக்களைப் பரிசோதித்தார்கள். செலாங்க் கொடுத்த 1 மணி நேரத்தில் 45 மரபணுக்களின் இயக்கமும், 3 மணி நேரத்தில் 22 மரபணுக்களின் இயக்கமும் மாறியிருந்தன. ஆனால் மறு ஆண்டு, கிண்ணத்தில் வளர்த்த மனித நரம்புக் கட்டிச் செல்களில் செலாங்கை மட்டும் சேர்த்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட மாற்றம் ஏதும் இல்லை. முழு மூளையில் தெரிந்தது தனிச் செல்லில் தெரியவில்லை. அப்படியானால் மருந்து செல்லின் எந்தப் பூட்டைத் திறக்கிறது என்ற கேள்வி நிற்கிறது.

நான்காவது, 2017ல் வந்த இன்னொரு ஆய்வு. எலிகளுக்கு வாரக்கணக்கில் எதிர்பாராத சிறு சிறு தொல்லைகளைக் கொடுத்தார்கள். கூண்டைச் சாய்ப்பது, ஈரப் படுக்கை, இரவு பகலை மாற்றுவது போன்றவை இவ்வகைச் சோதனைகளில் வழக்கம். (ஷிஃப்ட் வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது!) பிறகு சில எலிகளுக்குச் செலாங்க், சிலவற்றுக்கு டயஸெபாம், சிலவற்றுக்கு இரண்டும். இரண்டையும் சேர்த்துப் பெற்ற எலிகளிடம் பதற்றம் மிக நன்றாகத் தணிந்தது. ஆய்வாளருக்கு இது நல்ல செய்தி. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் தெரியாமல் இதையும் சேர்த்தால் மாத்திரையின் வேகம் மாறக்கூடும் என்பது நமக்கான பாடம்.

மனிதரிடம்?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 2008ல் ரஷ்யாவில் வெளியான மருத்துவ ஆய்வில் 62 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். 30 பேருக்குச் செலாங்க், 32 பேருக்கு மெடாஸெபாம் என்ற பழைய பென்ஸோடயஸெபைன். பதற்றம் இரண்டு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. செலாங்க் பெற்றவர்களுக்குச் சோர்வும் குறைந்து சுறுசுறுப்பு கூடியது. ரஷ்யாவில் இது மருந்தாகப் பதிவும் பெற்றது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள், 30 பேர்! நமது பொங்கல் விழாவில் ஒரு வரிசையில் உட்காருகிறவர்கள் அதைவிட அதிகம். மருந்தே இல்லாத வெறும் சொட்டுப் பெற்ற மூன்றாவது குழு அங்கே இல்லை. பதற்ற நோயில் "மருந்து சாப்பிட்டேன்" என்ற நம்பிக்கையே கணிசமான நிவாரணம் தரும் என்பது தெரிந்த விஷயம். எனவே சொட்டு எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தக் குழு அவசியம். முக்கியமான ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை உருவாக்கியவர்களிடமிருந்தே வந்தவை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வோ ஐரோப்பிய மருந்து முகமையோ இதை மருந்தாக ஏற்கவில்லை.

எலி ஜெயித்து மனிதர் தோற்ற கதைகள்

சந்தேகம் வீண் பிடிவாதம் அல்ல என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

ஒன்று, சி.சி.கே.-4 என்ற பெப்டைடு. நான்கே மணிகள்தான். இதை நரம்பில் ஊசியாகச் செலுத்தினால் ஆரோக்கியமான மனிதருக்கும் ஒரு நிமிடத்துக்குள் கடும் பீதி வந்துவிடும்! பெப்டைடு என்றாலே சாந்தம் என்பது தவறு. சின்னஞ்சிறு சரமும் மூளையைக் கலக்கிவிடும். இதைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பதற்றம் போகும் என்று எதிர்பார்த்தார்கள். எலிகளிடம் நம்பிக்கை தந்த அந்த மருந்துகள் நோயாளிகளிடம் கைகொடுக்கவில்லை.

இரண்டு, சி.ஆர்.எஃப். என்ற 41 மணிப் பெப்டைடு. 1981ல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் வைலி வேல் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். மன அழுத்தத்தில் உடம்பின் முதல் தூதுவன் இதுதான். இதைத் தடுக்கும் மருந்துகளும் எலிகளிடம் அருமையாக வேலை செய்தன. அவற்றில் ஒன்றான பெக்ஸாசெர்ஃபான்டைப் பொதுப் பதற்ற நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2010ல் வெளியானது. வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. அதே சோதனையில் ஒப்பிடக் கொடுத்த எஸ்கிடாலோபிராம், வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது.

எலி திறந்த கைக்கு வருவது வேறு. மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்று விடிய விடிய விழித்திருக்கும் மனிதனின் கவலை வேறு. முதலாவது இரண்டாவதற்கு ஒரு துப்பு மட்டுமே.

அப்படியானால் வாங்கலாமா?

எங்கள் பதில்: வேண்டாம். காரணங்கள் இவை.

1. இணையத்தில் விற்கும் குப்பிகளில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியால் விற்பவர் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார். உள்ளே ஏழு மணிச் சரம் இருக்கிறதா, ஆறு மணியா, வேறு ரசாயன மிச்சமா என்று நமக்குத் தெரியாது.

2. பெப்டைடுகளில் பல வெப்பம் தாங்காதவை. ஜூலை மாதத்தில் 45 டிகிரி வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வரும் குப்பியில் என்ன மிஞ்சும்?

3. பொடியைத் தண்ணீரில் கலந்து மூக்கில் விடுவதிலோ, ஊசியாகப் போடுவதிலோ கிருமித் தொற்று அபாயம் உண்டு.

4. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறுவர்கள், வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது பாதுகாப்பானது என்று காட்டும் பெரிய ஆய்வுகள் இல்லை.

5. அமீரகத்தில் பதிவு பெறாத மருந்தை வரவழைப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் சட்டச் சிக்கலில் முடியும். நண்பருக்கு உதவியாக வாங்கிக் கொடுத்தேன் என்பது அங்கே எடுபடாது.

ஊரிலிருந்து மாத்திரை கொண்டுவருவோர் கவனத்துக்கு

சொட்டு மருந்தைவிட நம்மவர்களை அதிகம் சிக்க வைக்கக்கூடியது பெட்டியில் வரும் மாத்திரைப் பட்டைதான். அல்பிரஸோலம், டயஸெபாம், குளோனஸெபாம், டிராமடால், பிரிகாபலின், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கசகசாவையே கொண்டுவரக் கூடாத நாடு இது என்பதை மறக்க வேண்டாம்.

• உங்களுக்கென மருத்துவர் எழுதிய சீட்டும் மருத்துவ அறிக்கையும் இல்லாமல் இவற்றை எடுத்து வராதீர்கள். அமீரகத்துக்குப் பயணத்துக்கு முன்பே அரசின் இணைய வழி அனுமதி பெற வேண்டும். எந்த மருந்து, எத்தனை நாள் அளவு என்பதை அந்தச் சமயத்தில் நடப்பிலுள்ள பட்டியலில் பாருங்கள்.

• சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். துபாயில் அனுமதி இருப்பதால் ரியாத்திலும் செல்லும் என்று எண்ணாதீர்கள்.

• இந்தியாவிலும் அல்பிரஸோலம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியலில் உள்ளன. கடைக்காரர் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தெரிந்த கடை என்று சீட்டில்லாமல் வாங்கினால் இங்கே காட்ட உங்களிடம் ஆவணம் இருக்காது.

• "அண்ணே, எங்க அம்மாவுக்கு இந்த மாத்திரையைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க" என்று யார் கொடுத்தாலும் பட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். புரியவில்லை என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

• நெடுநாள் சாப்பிட்டு வருபவர்கள் சட்டத்துக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். முன்பே சொன்னது போல வலிப்பு வரலாம். இங்குள்ள மனநல மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்டினால் தகுந்த மாற்று தருவார், அல்லது படிப்படியாகக் குறைப்பார்.

பிறகு என்னதான் செய்வது?

முதலில் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தம், சர்க்கரை, இரண்டும் கெட்ட நேரத்தில் குடிக்கும் டீ எல்லாவற்றையும் அவர் கணக்கில் எடுப்பார். தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். எண்ணங்களைப் பிடித்து, சோதித்து, மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை பதற்ற நோய்க்குப் பலமுறை சோதித்து நிரூபிக்கப்பட்டது. அதற்குக் கூரியரும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். உங்கள் காப்பீட்டில் மனநலச் சிகிச்சை உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

"தெரிந்தால் வேலை போய்விடுமே" என்பதுதான் நம்மவர்களின் பெரிய பயம். அமீரகத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் எண் மனநலச் சட்டம் 2024 மே 30 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதற்கும் சிறப்பு மருத்துவக் குழுவின் அறிக்கை வேண்டும் என்கிறது. சட்டம் எல்லாப் பயத்தையும் போக்கிவிடாது. ஆனால் மறைத்து மறைத்து நோயை முற்றவிடுவதைவிட இது நல்ல துணை.

ஊரில் இருக்கும் மனைவி, பெற்றோர், தம்பி தங்கையருக்கும் இதே சிரமம் இருக்கலாம். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அங்கிருந்து அவர்கள் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அத்துடன் அன்றாடப் பழக்கங்கள் சில. தினமும் அரை மணி நடை. கோடையில் விடியற்காலையிலோ மாலுக்குள்ளேயோ நடக்கலாம். மாலை 4 மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். படுக்கையில் கைபேசி வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடும் பயிற்சி பத்து நிமிடம். அறைத் தோழர் இரண்டு வாரமாகச் சாப்பாட்டுக்கு வராமல் போர்வைக்குள்ளேயே கிடந்தால், "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும் ஒரு மனிதர் பக்கத்தில் இருப்பது பெரிய மருந்து. "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்ற பேச்சு வந்தால் அன்றே அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நினைவில் கொள்க

• செலாங்க் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட செயற்கைப் பெப்டைடு. எலிகளிடம் பதற்றத்தைத் தணித்தது உண்மை.

• மனிதரிடம் செய்த ஆய்வு சிறியது. பெரிய, வெற்றுச் சொட்டோடு ஒப்பிட்ட சோதனை தேவை.

• ஆராய்ச்சிக் குப்பி மருந்தல்ல. வாங்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

• கட்டுப்படுத்தப்பட்ட மாத்திரை என்றால் சீட்டும் முன் அனுமதியும் வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

• நிரூபிக்கப்பட்ட சிகிச்சை நம் ஊர் தூரத்தில் இல்லை, இங்கேயே இருக்கிறது.

மாஸ்கோவின் ஆய்வுக்கூடத்தில் திறந்த வெளிக்கு வந்து எட்டிப் பார்த்த எலிகள் விஞ்ஞானிகளுக்குச் சொன்னது கொஞ்சம்தான். மீதியை மனிதர்களிடம் முறையாகச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனைக்கு நம் மூக்கை நாமே கொடுக்க வேண்டியதில்லை. பெயரைப் போடாமல் கேட்ட அன்பர்கள் இந்த வாரமே ஒரு மருத்துவரைச் சந்தித்தால் இந்தப் பக்கத்தின் நோக்கம் நிறைவேறும். கேள்விகளைத் தொடர்ந்து அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அடுத்த மடலில் சந்திப்போம். நலம் வாழ்க!